நிலாவுக்கு அடுத்து என்ன? ஒரு நடுப்பெயர் தேர்வின் நிகழ்வு ஆய்வு

என் தங்கைக்குப் பெண் பிறந்து பத்து நாளில் குழந்தைக்கு முதற்பெயர் இருந்தது, குடும்பப்பெயர் இருந்தது. பிறப்புப் பதிவுப் படிவத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் மட்டும் காலி. அந்த ஒரு கட்டத்தை நிரப்பத் தங்கைக்கும் அவள் கணவருக்கும் மேலும் மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஏழு பெயர்கள் வந்து போயின, ஒரு சண்டை நடந்தது, ஒருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அந்த மூன்று வாரமும் நான் கூடவே இருந்தேன். நடந்ததை வரிசையாக எழுதிவைத்தால் இதே கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேறு பெற்றோருக்கு உதவும் என்று தோன்றியது. தங்கையும் அவள் கணவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். குடும்பப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அசல் பெயரும் 'வ'வில் தொடங்கி 'ன்'னில் முடிவதுதான்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், நான் மெய்ப்புத் திருத்துபவள். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. ஒற்று வருமா வராதா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் போகும் என் பொழுது. நடுப்பெயர் விஷயமும் முழுக்க முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கே போகப் போகத்தான் புரிந்தது. வந்து போன பெயர்களில் தனியாக வைத்துப் பார்த்தால் அழகில்லாதது என்று ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை உடைந்தது முதற்பெயரோடு ஒட்டும் மூட்டில்.

மாறாதவை இரண்டு

முதற்பெயர் 'நிலா'. அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கருவுறுவதற்கு முன்பே தங்கை முடிவு செய்து வைத்திருந்த பெயர் அது. குடும்பப்பெயர் 'வளவன்' என்று வைத்துக்கொள்வோம்.

நடுவில் வரவேண்டியது யார் பெயர் என்பதிலும் முதலில் குழப்பம் இருக்கவில்லை. தங்கை ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவளுடைய மாமியார் காலமானார். அவர் பெயர் அமிர்தவல்லி. "முதல் பேரு நீ ஆசைப்பட்டு வெச்சது. நடுப் பேராவது அம்மா பேரா இருக்கட்டும்" என்றார் தங்கையின் கணவர். இதற்கு யார் என்ன மறுப்புச் சொல்ல முடியும்? தங்கையும் உடனே சரி என்றாள். ஆனால் அடுத்த நாளே, "அப்போ நம்ம அம்மா?" என்று என்னிடம் கேட்டாள். எங்கள் அம்மா பெயர் லலிதா. ஒரு பாட்டியின் பெயரை வைத்துவிட்டு இன்னொரு பாட்டியை விட்டுவிடுவது அவளுக்கு உறுத்தியது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நடுப்பெயர், மிடில் நேம் என்று எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் அது எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை. ரஷ்யப் பெயர்களில் நடுவில் வருவது அப்பாவின் பெயரிலிருந்து உண்டாவது. பெற்றோர் அதைத் தேர்வதே இல்லை. ஸ்பானிஷ் பெயர்களில் கடைசியில் இரண்டு குடும்பப்பெயர்கள் வரும். படிவம் தெரியாதவர்கள் அதில் முதலாவதை நடுப்பெயர் என்று நினைத்துவிடுவார்கள். இந்த ஆய்வில் நான் பேசுவது பெற்றோர் விரும்பித் தேர்ந்து, முதற்பெயருக்கு அடுத்து வைக்கும் இரண்டாவது பெயரைத்தான். இதன் சிக்கலே அந்தச் சுதந்திரம்தான். எதையும் வைக்கலாம் என்பதால் எதை வைப்பது என்று தெரியாமல் போகிறது.

முழுப்பெயர் ஏன் நிற்கவில்லை

முதலில் எழுதிப் பார்த்தது 'நிலா அமிர்தவல்லி வளவன்'. தாளில் அருமையாக இருந்தது. பொருளும் பொருந்தியது. நிலவையும் அமுதையும் சேர்த்துப் பேசுவது தமிழுக்குப் பழக்கமானது. தங்கையின் கணவர் அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில்கூட ஒட்டிவிட்டார்.

வாய்விட்டுச் சொல்லும்போதுதான் இடறியது. 'நிலா' ஆகாரத்தில் முடிகிறது. 'அமிர்தவல்லி' அகரத்தில் தொடங்குகிறது. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர் மோதும்போது தமிழ் பேசும் வாய் சும்மா இருக்காது. நடுவில் ஒரு மெய்யை நுழைத்துவிடும். பள்ளியில் உடம்படுமெய் என்று படித்தோமே, அதுதான். இ, ஈ, ஐ என்னும் உயிர்களுக்குப் பின்னால் 'ய்' வரும். அ, ஆ, உ போன்றவற்றுக்குப் பின்னால் 'வ்' வரும். அதனால் வேகமாகச் சொல்லும்போது 'நிலாவமிர்தவல்லி' ஆகிறது. அல்லது ஆகாரம் அகரத்தை விழுங்கி 'நிலாமிர்தவல்லி' ஆகிறது. இரண்டிலும் நிலா எங்கே முடிகிறாள், பாட்டி எங்கே தொடங்குகிறார் என்று கேட்பவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. செய்யுளில் அசை பிரிப்பதுபோல் பிரித்துப் பார்த்தேன். ஒற்றைக் கணக்கில் சேர்க்காமல், ஓர் எழுத்தில் நிற்பது நேர்; குறிலில் தொடங்கி இரண்டு எழுத்தாக ஓடுவது நிரை. நிலா ஒரே நிரையசை. அமிர்தவல்லி நிரை, நிரை, நேர். வளவன் நிரை, நேர். மூன்று பெயருமே நிரையில் தொடங்குகின்றன. அதனால் முழுப்பெயரும் மூச்சு விடாமல் ஓடுகிற ஓட்டமாக இருக்கிறது. நடுவில் நின்று கால் ஊன்ற இடமில்லை. யாப்பு தெரியாதவர்களுக்கும் இது காதில் தெரியும். சத்தமாக மூன்று முறை சொல்லிப் பார்த்தால் போதும்.

நீளம்தான் பிரச்சினையாக இருக்கும் என்று தங்கை பயந்தாள். பாஸ்போர்ட்டில் இடம் போதுமா என்று கேட்டாள். அது தேவையில்லாத பயம். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் கீழே இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுப்படி ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். முதலில் குடும்பப்பெயர், அப்புறம் '<' என்னும் நிரப்புக் குறி இரண்டு, அதன்பின் மற்றப் பெயர்கள், அவற்றுக்கு இடையே ஒவ்வொரு குறி. வளவன் ரோமன் எழுத்தில் 7, நிலா 4, அமிர்தவல்லி 12, குறிகள் 3. மொத்தம் 26. தாராளமாக அடங்கும்.

ஆனால் அந்தக் கணக்கைப் போட்டபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த வரியில் நடுப்பெயருக்கென்று தனி இடமே கிடையாது. குடும்பப்பெயர் ஒரு பக்கம், மற்றவை எல்லாம் ஒரு பக்கம். விமானச் சீட்டுகளில் முதற்பெயரையும் நடுப்பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி அச்சிடுவதும் உண்டு. அப்படி ஒட்டினால் நிலாவின் கடைசி எழுத்தும் அமிர்தவல்லியின் முதல் எழுத்தும் ரோமன் எழுத்தில் ஒன்றுதான். இரண்டு 'ஏ' அடுத்தடுத்து நிற்கும். எங்கே வெட்டுவது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வாயில் இடறிய அதே இடம் காகிதத்திலும் இடறியது.

'அமிர்தம்' என்று சுருக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேலை பார்த்த இடத்தில் மாமியாரை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். ஆனால் அதுவும் அகரத்தில் தொடங்குவதுதான். அதே மூட்டு, அதே இடறல்.

பெரியப்பா எழுதியது

பின்பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்து முடிவானது. 'வல்லி'. மாமியாரை அவருடைய அம்மா அப்படித்தான் கூப்பிடுவாராம். சின்னப் பெயர், மெய்யில் தொடங்குகிறது, 'வல்லி வளவன்' என்று மோனையும் கிடைக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. மெய்ப்புத் திருத்துபவள் அங்கேயே பிடித்திருக்க வேண்டும்.

படிவத்தில் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம் என்றாள் தங்கை. விஷயமே தெரியாத ஒருவருக்கு போன் செய்து முழுப்பெயரையும் ஒரே முறை, சாதாரண வேகத்தில் சொல்ல வேண்டும். அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் பெரியப்பாவைப் பிடித்தோம். கையெழுத்து மணிமணியாக இருக்கும் மனிதர். தங்கை சொன்னாள். ஐந்து நிமிடத்தில் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். நீல மையில், அடிக்கோடிட்டு, 'நிலா அல்லி வளவன்' என்று இருந்தது. கீழே, "நல்ல பெயர்ம்மா, நிலா வந்தால் அல்லி மலரும்" என்று ஒரு வரி.

இன்னொருவரிடம் சோதித்தோம். அவர் 'நிலவள்ளி' என்று ஒரே பெயராக எழுதியிருந்தார்.

காரணம் அந்த உடம்படுமெய்தான். ஆகாரத்துக்குப் பின்னால் ஓர் உயிர் வந்தால் வாய் தானாகவே ஒரு 'வ்' போடும் என்பது கேட்பவரின் காதுக்கும் பழக்கம். அதனால் 'நிலாவல்லி' என்று கேட்டதும், அந்த 'வ' பெயரின் சொந்த எழுத்தா அல்லது நடுவில் நுழைந்த விருந்தாளியா என்று காதால் பிரிக்க முடியாது. 'நிலா + வல்லி'யும் 'நிலா + அல்லி'யும் ஒலியில் ஒன்றேதான். ஆகாரத்தில் முடியும் எந்த முதற்பெயருக்கும் பின்னால் 'வ'வில் தொடங்கும் பெயர் வைத்தால் இந்தச் சந்தேகம் வரும். மீரா, தாரா, கவிதா என்று அப்படி முடியும் பெயர்கள் எத்தனை இருக்கின்றன! அதேபோல 'தேவி', 'மாலினி' என்று இகரத்தில் முடியும் பெயருக்குப் பின்னால் 'ய'வில் தொடங்கும் பெயரை யோசித்து வைக்க வேண்டும். 'தேவி யமுனா' காதில் 'தேவி அமுனா' என்றும் விழும்.

அன்று மாலை முழுக்கத் தங்கையின் கணவர் 'அல்லி' பக்கம் சாய்ந்திருந்தார். பெரியப்பா எழுதிய வரி அவ்வளவு அழகாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்து சொன்னார்: "வேண்டாம் அண்ணி. அது நல்ல பேருதான். ஆனா அதுல அம்மா இல்ல."

அம்மாவின் பெயர்

இதற்கு நடுவே தங்கை 'நிலா லலிதா' என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மாவையே சொல்லச் சொன்னோம். 'லா' முடிந்த கையோடு 'ல', அதற்கடுத்து 'லி'. நாக்கு நுனி மேல் அண்ணத்தில் மூன்று முறை ஒரே இடத்தில் போய் ஒட்டி ஒட்டி வரவேண்டும். அம்மா இரண்டு முறை முயன்றார். இரண்டாம் முறை 'நிலாலிதா' என்று வந்தது. ஒரு 'ல' காணாமலே போய்விட்டது.

முதற்பெயர் எந்த எழுத்தில் முடிகிறதோ அதே மெய்யில் நடுப்பெயர் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். ஒன்று விக்கும், இல்லையென்றால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். குழந்தை தன் பெயரைத் தானே சொல்லப் பழகும் வயதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அம்மா மறுத்தது அதற்காக இல்லை. தங்கை கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரை எதுக்கும்மா இப்போ வைக்கிற? நான்தான் இருக்கேனே. குழந்தையை நானே தூக்கி வெச்சுக்கிறேன். அவங்களுக்குத்தான் அது முடியாம போச்சு. அவங்க பேரை வையுங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பாட்டிகளுக்கும் சமமாக என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

சமமாகச் செய்ய ஒரு வழியை அதற்கு முன்பே தங்கை சொல்லியிருந்தாள்: பெயரே வேண்டாம், வெறும் ஒரு எழுத்து போதும் என்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' அப்படிப்பட்டதுதான். 1884இல் அவர் பிறந்தபோது ஒரு தாத்தாவின் பெயரில் ஷிப் என்ற பகுதி இருந்தது, இன்னொரு தாத்தாவின் பெயர் சாலமன். இரண்டுக்கும் ரோமன் எழுத்தில் முதலெழுத்து ஒன்றே. எந்தப் பெயரின் சுருக்கமாகவும் இல்லாமல் 'எஸ்' மட்டுமே நடுவில் நின்றது, இரண்டு தாத்தாக்களுக்கும் ஆனது. நல்ல தீர்வுதான். ஆனால் அமிர்தவல்லிக்கும் லலிதாவுக்கும் பொதுவான முதலெழுத்து இல்லை. தவிர, "ஒரு எழுத்தை யாரும் வாய் நிறையக் கூப்பிட முடியாதே" என்றார் தங்கையின் கணவர். அவர் சொன்னது சரி. முன்னோரின் பெயரை வைக்க ஆசைப்படுவதே அதை மறுபடி வாயால் சொல்லலாம் என்றுதானே.

பொருளைப் பிடித்துப் போன இரண்டு பெயர்கள்

ஒலி கிடைக்கவில்லை, பொருளையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினோம். அமிர்தத்துக்கு இன்னொரு சொல் சுதா. நிலவுக்குச் 'சுதாகரன்' என்றொரு பெயர் இருப்பதுகூட இதனால்தான். பொருளில் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஆனால் 'நிலா சுதா' என்று சொன்னால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன: குறில், நெடில், குறில், நெடில். இரண்டும் ஆகாரத்தில் முடிகின்றன. இரட்டைக் குழந்தைகளைக் கூப்பிடுவது போலக் கேட்டது. ஒரே குழந்தையின் பெயர் என்று யாருக்கும் தோன்றவில்லை. நடுப்பெயர் முதற்பெயரைவிடக் கொஞ்சமாவது வேறு நடையில் நடக்க வேண்டும். முதற்பெயர் சிறியதென்றால் நடுவில் சற்று நீளமானது, முதற்பெயர் நெடிலில் இழுத்தால் நடுவில் ஒற்றில் நிற்பது என்று.

வல்லி என்றால் கொடி. அதனால் 'பூங்கொடி'. ஒலியில் இது குறையே இல்லாத பெயர். நேர், நிரை; நிலாவுக்கு அடுத்து நன்றாக நின்றது. இதை எழுதும்போது என் கை தானாக 'நிலாப் பூங்கொடி' என்று ஒற்றுப் போட்டுவிட்டது. அப்படிப் போட்டால் நிலாவைப் போன்ற கொடி என்று ஒரே தொடராகிவிடும். இவை அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தனிப்பெயர்கள், ஒற்று வராது. இதைத் தங்கைக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

பூங்கொடியை நிறுத்தியது தங்கையின் கணவர். ரோமன் எழுத்தில் அதன் முதல் மூன்று எழுத்துகள், ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளைகள் மலத்துக்குச் சொல்லும் சொல். வகுப்பில் ஒரு குழந்தை கவனித்தால் போதும். நடுப்பெயர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள் தங்கை. ஆனால் வருகைப் பட்டியலில் நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டு, நடுப்பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். பெயரின் மேல் பழியில்லை; தமிழில் அது எவ்வளவு இனிமையான பெயர்! ஆனாலும் கேலியைச் சுமக்கப்போவது குழந்தை என்பதால் விட்டுவிட்டோம்.

முதலெழுத்துகளைச் சேர்த்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ட்ரூமனைப் போலவே அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த யுலிஸஸ் எஸ். கிராண்ட் 1822இல் பிறந்தபோது அவர் பெயர் ஹைரம் யுலிஸஸ் கிராண்ட். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஹக்', அதாவது கட்டிப்பிடித்தல். ராணுவப் பள்ளியில் கேலி செய்வார்கள் என்று அவர் பெயர் வரிசையை மாற்றிக்கொள்ள நினைத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. அதற்குள் 1839இல் அவரைப் பரிந்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் தவறுதலாக 'யுலிஸஸ் எஸ்.' என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்தத் தவறே கடைசிவரை அவர் பெயராக நின்றது. பதிவில் ஒருமுறை ஏறிவிட்ட பெயரை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனக்கே என் சான்றிதழ்களில் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றில் சேர்த்து, ஒன்றில் பிரித்து, ஒன்றில் ஓர் எழுத்து குறைந்து. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தங்கை மகளுக்கு அது வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

பதினேழாம் நாள் வாக்கில் எல்லோரும் களைத்துவிட்டோம். தங்கையும் அவள் கணவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். "ஏதாவது ஒண்ணை எழுதுங்க" என்று அவள் சொன்னாள், "ஏதாவது ஒண்ணுன்னா எங்கம்மா உனக்கு அவ்வளவுதானா?" என்று அவர் கேட்டுவிட்டார். அப்புறம் இரண்டு நாள் அவர் யாரிடமும் பெயரைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தவரிடம் நான்தான் கேட்டேன்: "தம்பி, அம்மா பேர்ல உங்களுக்கு எது வேணும்? எழுத்தா, ஒலியா, அர்த்தமா?"

கொஞ்ச நேரம் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "எழுத்து வேண்டாம் அண்ணி. எங்க பாட்டி 'வல்லீ'ன்னு கூப்பிடுவாங்க பாருங்க, அந்த ல்ல இருக்கே, அதுதான் காதுல இருக்கு. அப்புறம் அம்மாவே சொல்வாங்க, வல்லின்னா கொடிடா, எதையாவது பிடிச்சுக்கிட்டு மேல ஏறிடும்னு. அந்த ரெண்டும் இருந்தா போதும்."

இத்தனை நாளும் நாங்கள் 'அம்மா பெயர்' என்பதை ஒரே கட்டியாக வைத்துக்கொண்டு, அதை அப்படியே கட்டத்துக்குள் திணிக்கப் பார்த்திருக்கிறோம். அவருக்கு வேண்டியது அதற்குள் இருந்த இரண்டே இரண்டு: ஒரு 'ல்ல', ஒரு கொடி.

நான் ஒரு தாளில் 'வல்லி' என்று எழுதி, கவிதைக்கு எதுகை தேடுவது போலக் கீழே எழுதிக்கொண்டே போனேன். அல்லி, மல்லி, நெல்லி, தில்லை, எல்லை, முல்லை. முல்லையில் பேனா நின்றது. முல்லை ஒரு கொடி. 'ல்ல' அப்படியே இருக்கிறது. அது மலர்வது மாலையில், நிலா எழும் நேரத்தில்.

தாளை அவரிடம் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. குழந்தையின் காதருகே குனிந்து உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்த்தார்.

முல்லை தாங்கிய சோதனைகள்

நிலா முல்லை வளவன். ஆகாரத்துக்குப் பின்னால் 'ம' வருவதால் உடம்படுமெய்க்கு வேலையில்லை. உதடு மூடித் திறக்கும்போது ஒரு பெயர் முடிந்து இன்னொன்று தொடங்குவது தெளிவாகத் தெரிகிறது. முல்லை நேர், நேர். முன்னும் பின்னும் நிரையில் தொடங்கும் பெயர்களுக்கு நடுவே கால் ஊன்ற இடம் கிடைத்தது. 'நிலா'வின் ல, 'முல்லை'யின் ல்ல, 'வளவன்'னின் ள என்று மூன்றிலும் இரண்டாம் எழுத்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவது ஏறக்குறைய எதுகை போல இருந்தது. லலிதாவில் இடறிய அதே லகரம் இங்கே இடறவில்லை, ஏனென்றால் நடுவில் 'மு' வந்து நாக்குக்கு ஓய்வு கொடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பின்பக்கத்து மூட்டு. முல்லை ஐகாரத்தில் முடிகிறது. ஐகாரத்துக்குப் பின்னால் உயிர் வந்திருந்தால் வாய் 'ய்'தான் போட்டிருக்கும், 'வ்' அல்ல. அதனால் 'முல்லை வளவன்' என்று கேட்டால் அந்த 'வ' வளவனுடையது என்பதில் சந்தேகமே வராது. வல்லியைக் கவிழ்த்த அதே விதி இங்கே பெயரைக் காப்பாற்றியது.

மறுபடி பெரியப்பாவுக்கு போன் செய்தோம். இன்னும் இரண்டு பேரிடமும் சொன்னோம். மூவரும் சரியாக எழுதினார்கள். ஒருவர் மட்டும், "நிலாமுல்லைன்னு சேர்த்தா, தனித்தனியாவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டையும் சேர்த்தால் ஒரே பெயராகவும் ஒலிக்கும் என்பது இந்தத் தேர்வில் மிச்சமிருக்கும் குறை. அதை முழுதாகத் தீர்க்க முடியாது. ஒழுங்காகப் பதிந்து குறைக்கத்தான் முடியும். நடுப்பெயருக்குக் கட்டம் இருக்கும் படிவத்தில் அங்கே, இல்லாத படிவத்தில் முதற்பெயருக்கு அடுத்து ஓர் இடைவெளி விட்டு, எப்போதும் தனிச் சொல்லாக என்று முடிவு செய்தார்கள். ரோமன் எழுத்தில் முல்லைக்கு இரண்டு 'எல்', நிலாவுக்கு ஒரு 'எல்', கடைசியில் 'ஏ' ஒன்றுதான் என்பதையும் ஒரு தாளில் எழுதி, படிவத்தோடு கிளிப் போட்டு வைத்தாள் தங்கை. படிவத்தை நிரப்பியதும் நான் எழுத்தெழுத்தாகப் பின்னிருந்து முன்னால் படித்துச் சரிபார்த்தேன். பழகிய பெயரில் பிழை பிடிக்க அதுதான் வழி. நேராகப் படித்தால் கண் எழுத்தைப் பார்க்காது, மனத்தில் இருக்கும் பெயரைத்தான் படிக்கும்.

மறுபடி செய்தால்

இதே வேலையை இன்னொரு குழந்தைக்குச் செய்ய நேர்ந்தால் போன் சோதனையை முதல் நாளே செய்வேன். ஒரு பெயரை வாரக்கணக்கில் ஆசையோடு பார்த்துவிட்டு விடுவது துக்கம். முதல் நாளில் விடுவது அவ்வளவு வலிக்காது. அதற்கும் முன்னால், யாருடைய நினைவாக வைக்கிறோமோ அவருடைய பெயரில் உண்மையில் எது வேண்டும் என்று கேட்டுவிடுவேன். சிலருக்கு அந்தப் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் வேண்டும். அப்படியென்றால் நான் முல்லையைச் சொல்லியிருக்க மாட்டேன். இடறினாலும் அமிர்தவல்லியையே வைத்து, முதற்பெயருக்குப் பின் ஒரு கணம் நிறுத்திச் சொல்லப் பழகுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. தங்கையின் நாத்தனாருக்கு, அதாவது அமிர்தவல்லியின் மகளுக்கு, அம்மாவின் பெயர் அப்படியே வரவில்லை என்பதில் மனவருத்தம் இருந்தது. முல்லையின் காரணத்தைத் தங்கையின் கணவர் எடுத்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. அவருடைய வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அவரிடம் யாரும் "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இப்போது நிலாவுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் நிலா என்று கூப்பிடுகிறோம். அப்பா மட்டும் தூங்க வைக்கும்போது முல்லை என்பார். அத்தை வந்தால் வாசலிலிருந்தே "வல்லீ" என்று குரல் கொடுப்பார். குழந்தை அதற்கும் திரும்பிப் பார்க்கிறாள்.